பனிப்பாறையை முதலில் கண்ட கண்கள்: ஃப்ரெடெரிக் ஃப்ளீட்டின் வாழ்க்கை

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்தாம்ப்டன் துறைமுக நகரத்தில், 1960களின் தொடக்கத்தில், தெருமுனையில் நின்று ‘எக்கோ’ என்ற உள்ளூர்ப் பத்திரிகையை விற்றுப் பிழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக் கப்பலின் பாதையில் நின்ற பனிப்பாறையை முதலில் கண்டு மணியடித்தவர் அவர்தான். ஃப்ரெடெரிக் ஃப்ளீட் என்ற அந்த மாலுமிக்கு அன்றிரவு வயது 24. அதற்குப் பிறகு 52 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: கையில் தொலைநோக்கி இருந்திருந்தால் கப்பல் பிழைத்திருக்குமா?

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, அது ஏன் ஒரு கூலி மாலுமியின் தலையில் வந்து விழுந்தது, அவரைச் சுற்றியிருந்த தொழிலின் நிலை என்ன என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை நமக்குப் புரியும்.

ஃப்ளீட் 1887 அக்டோபர் 15 அன்று லிவர்பூலில் பிறந்தார். தந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. தாய் குழந்தையை விட்டுவிட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குச் சென்றுவிட்டார். பிறகு மகனைத் தேடி வரவேயில்லை. டாக்டர் பர்னார்டோ நிறுவிய ஆதரவற்றோர் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் மாறி மாறி வளர்ந்த சிறுவனை, அக்கால வழக்கப்படி, பயிற்சிக் கப்பலில் சேர்த்தார்கள். கேட்பாரற்ற பிள்ளைகளைக் கடல் தொழிலுக்குத் தயார் செய்து அனுப்புவது அன்றைய பிரிட்டனில் தருமமாகவும் கருதப்பட்டது, கப்பல் தொழிலுக்கு ஆள் சேர்க்கும் வழியாகவும் இருந்தது. 1903இல் கப்பல் தளத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாகத் தேர்ந்த மாலுமியானார். டைட்டானிக்குக்கு முன்பு, அதே ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஓஷியானிக் கப்பலில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பு மாலுமியாக இருந்தார். ஆகவே அனுபவமில்லாத இளைஞன் ஒருவனைக் கண்காணிப்புக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. டைட்டானிக்கில் அவருக்கு மாதச் சம்பளம் ஐந்து பவுண்டு. கண்காணிப்பு வேலைக்காக மேற்கொண்டு ஐந்து ஷில்லிங்.

முன்பக்கக் கொடிமரத்தின் மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 அடி உயரத்தில் கண்காணிப்புக் கூண்டு இருந்தது. இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கத்தக்க அந்தக் கூண்டில் ஒரு மணியும், கப்பலை இயக்கும் மேல்தளத்தோடு பேச ஒரு தொலைபேசியும் இருந்தன. ஆறு பேர் இருவர் இருவராக, இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி ஏறினார்கள். ஏப்ரல் 14 இரவு பத்து மணிக்கு ஃப்ளீட்டும் ரெஜினால்ட் லீயும் ஏறியபோது, இறங்கிய இருவரும் ஒரு செய்தியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்: பனிக்கட்டிகளை, குறிப்பாகச் சிறிய பனிக்கட்டிகளைக் கூர்ந்து பாருங்கள். இரவு ஒன்பதரை மணியளவில் மேல்தளத்திலிருந்து தொலைபேசியில் வந்த கட்டளை அது. அன்று பகல் முழுவதும் கம்பியில்லாத் தந்தியில் வந்திருந்த எச்சரிக்கைகளில் அந்தக் கூண்டுவரை வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

அன்றிரவு நிலவு இல்லை. காற்றும் இல்லை. கடல் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. கேட்பதற்கு இது நல்ல வானிலையாகத் தோன்றும். கண்காணிப்பு மாலுமிக்கு அதைவிட மோசமான இரவு வேறில்லை. அலை இருந்தால் பனிப்பாறையின் அடியில் நீர் மோதி வெண்ணுரை எழும். தொலைவிலிருந்தே கண்ணில் படுவது அந்த நுரைதான். அலையே இல்லாத கடலில், நிலவொளியும் இல்லாதபோது, பாறை நட்சத்திரங்களை மறைக்கும் ஒரு கருமையாக மட்டுமே தெரியும். டைட்டானிக் அப்போது மணிக்கு 22 கடல் மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதாவது நொடிக்குப் பதினொரு மீட்டருக்கு மேல்.

பதினொன்றரை மணிக்கான ஏழு மணியோசை ஒலித்துச் சிறிது நேரம் கழித்து, ஏறத்தாழ 11.40க்கு, ஃப்ளீட் நேர் முன்னே ஒரு கரிய திரளைக் கண்டார். முதலில் பார்த்தபோது அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பின்னர் அமெரிக்க செனட்டர் ஒருவர் கேட்டதற்கு, விசாரணை அறையிலிருந்த மேசைகளைக் காட்டி, அந்த இரண்டு மேசைகளையும் சேர்த்து வைத்த அளவுக்கு இருந்தது என்றார். அவர் உடனே மணியை மூன்று முறை அடித்தார். நேர் முன்னே ஏதோ இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பிறகு தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் ஆறாவது அதிகாரி ஜேம்ஸ் மூடி “என்ன தெரிகிறது?” என்று கேட்டார். “நேர் முன்னே பனிப்பாறை.” “நன்றி.” உரையாடல் அவ்வளவுதான். பணியிலிருந்த முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் கப்பலைத் திருப்பக் கட்டளையிட்டார். முகப்பு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஆனால் பாறை வலப்பக்கத்தை உரசிச் சென்றது. பனித் துண்டுகள் முன்தளத்தில் உதிர்ந்தன. மயிரிழையில் தப்பிவிட்டோம் என்றே கூண்டிலிருந்து ஃப்ளீட் நினைத்தார். முறைப்படி ஆள் மாற்ற வரும்வரை, ஏறத்தாழ இருபது நிமிடங்கள், இருவரும் கூண்டைவிட்டு இறங்காமல் காவலைத் தொடர்ந்தார்கள்.

கண்டதற்கும் மோதியதற்கும் இடையே 37 நொடிகள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது எவரும் கடிகாரம் பார்த்துச் சொன்ன கணக்கு அன்று. பேரழிவுக்குப் பிறகு, உடன்பிறப்புக் கப்பலான ஒலிம்பிக்கை ஏறத்தாழ அதே வேகத்தில் ஓட்டி, அது குறிப்பிட்ட கோணம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தபோது கிடைத்த எண் அது. அந்த நேரத்தில் கப்பல் கடக்கும் தொலைவு நானூறு மீட்டரைச் சற்றே தாண்டும். 269 மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு, தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குகூட இல்லாத இடைவெளி.

மோதலுக்குப் பிந்தைய இரவில் ஃப்ளீட்டின் பங்கு பலருக்கும் தெரியாதது. இரண்டாம் அதிகாரி சார்லஸ் லைட்டோலர் அவரை 6ஆம் எண் உயிர்காப்புப் படகில் துடுப்புப் போட அனுப்பினார். படகுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹிச்சன்ஸ். மோதிய நேரத்தில் சுக்கானைப் பிடித்திருந்தவர். பாறையைக் கண்டவரும் கப்பலைத் திருப்பியவரும் ஒரே படகில் ஏற நேர்ந்தது. 65 பேர் ஏறத்தக்க அந்தப் படகில் முப்பது பேர்கூட இல்லை. ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துடுப்புப் போடத் தெரிந்த ஆள் போதாது என்று படகு பாதி இறங்கியபோதுதான் தெரிந்தது. படகோட்டத் தெரிந்த டொரண்டோ நகரப் பயணி ஆர்தர் பியூச்சன் கயிற்றைப் பிடித்துத் தொங்கி இறங்கி வந்து சேர்ந்தார். ஃப்ளீட்டும் அவரும் வலித்தார்கள்; பின்னர் மார்கரெட் பிரவுன் முதலான பெண்களும் துடுப்பை எடுத்தார்கள். கப்பல் மூழ்கிய பின் நீரிலிருந்து எழுந்த கூக்குரலைக் கேட்டுத் திரும்பிச் செல்லலாம் என்று பெண்கள் மன்றாடினார்கள், ஹிச்சன்ஸ் மறுத்துவிட்டார். ஃப்ளீட் இதை அமெரிக்க விசாரணையில் மறைக்காமல் சொன்னார். விடிந்த பின் கார்பேத்தியா கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. டைட்டானிக்கில் சென்ற ஏறத்தாழ 2,200 பேரில் உயிர் தப்பியவர்கள் எழுநூறு பேரளவே. சவுத்தாம்ப்டன் நகரிலிருந்து வேலைக்குப் போனவர்களில் மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

அந்த மாதமே வாஷிங்டனில் செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் முன்பு ஃப்ளீட் சாட்சி சொன்னார். ஓஷியானிக்கில் கண்காணிப்பு மாலுமிகளுக்குத் தொலைநோக்கி இருந்தது, டைட்டானிக்கில் இல்லை, சவுத்தாம்ப்டனில் கேட்டபோது உங்களுக்கென்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். இருந்திருந்தால் பாறையை முன்னதாகவே பார்த்திருக்க முடியுமா என்ற கேள்விக்குச் சற்று முன்னதாகப் பார்த்திருக்கலாம் என்று பதிலளித்தார். எவ்வளவு முன்னதாக என்று மறுபடியும் கேட்டார்கள். விலகிச் செல்லப் போதுமான அளவு முன்னதாக என்றார். அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தது இந்தப் பதில்தான். கேட்டதற்குத் தோன்றியதைச் சொன்ன ஒரு சாட்சியின் சொல், நாளேடுகளில் பெரும் பேரழிவுக்கான விளக்கமாகவே மாறிவிட்டது.

தொலைநோக்கி இல்லாமற்போன கதை சுவையானது என்பதை மறுக்க முடியாது. பெல்பாஸ்ட்டிலிருந்து சவுத்தாம்ப்டன் வரை வந்தபோது கூண்டுக்குத் தொலைநோக்கி இருந்தது. புறப்படுவதற்கு முன் கடைசி நேரத்தில் ஒலிம்பிக்கிலிருந்து ஹென்றி வைல்ட் தலைமை அதிகாரியாகக் கொண்டுவரப்பட்டார். அதனால் மர்டாக், லைட்டோலர் இருவரும் ஒவ்வொரு படி கீழே இறக்கப்பட்டார்கள். இரண்டாம் அதிகாரியாக இருந்த டேவிட் பிளேர் கப்பலிலிருந்தே இறங்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் அவரோடு கரைக்குப் போய்விட்ட, தொலைநோக்கி இருந்த பெட்டகத்தின் சாவி என்று சொல்லப்படும் ஒன்று 2007இல் 90,000 பவுண்டுக்கு ஏலம் போனது. ஒரு சாவியால் கப்பல் மூழ்கியது என்ற கதையைப் போல் எளிதில் பரவும் கதை வேறு எது?

ஆனால் கடல்காவலின் நடைமுறை அந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. தொலைநோக்கி பார்வையின் பரப்பைச் சுருக்கிவிடும். வெறும் கண்ணால் அடிவானம் முழுவதையும் துழாவி, ஏதேனும் தென்பட்ட பிறகு, அது என்ன என்று உறுதிசெய்யவே அதை எடுப்பது வழக்கம். நிலவில்லாத இரவில், எங்கே பார்ப்பது என்றே தெரியாதபோது, அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. லண்டன் விசாரணையில் சாட்சி சொன்ன தென்துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன், பனிக்கட்டிகளைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கியை நம்பவில்லை. அத்தகைய இரவில் நீர் மட்டத்துக்கு அருகில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. தாழ்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் பாறையின் உருவம் வானத்தின் பின்னணியில் எடுத்துத் தெரியும். 90 அடி உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது கரிய நீரோடு கலந்துவிடும்.

லண்டனில் மெர்சி பிரபு தலைமையில் நடந்த விசாரணையில் ஃப்ளீட் அமெரிக்காவில் இருந்ததைவிடக் கடுகடுப்பாக நடந்துகொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. கப்பல் நிறுவனம், அரசின் வணிக வாரியம், பயணிகள், தொழிற்சங்கம் என ஒவ்வொரு தரப்புக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று அவரையே குடைந்தார்கள். கூண்டில் உடனிருந்த லீ, முன்னே மூடுபனி இருந்தது, அதை ஊடுருவிப் பார்க்கவே பெரும்பாடாக இருந்தது என்று சாட்சி சொல்லியிருந்தார். ஃப்ளீட்டோ லேசான மங்கல்தான் இருந்தது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். லீ சொன்னதை மெர்சி ஏற்கவில்லை. கடுங்குளிர் நீரின்மேல் படிந்த காற்றடுக்குகளால் அடிவானத்தில் பொய்த்தோற்றம் உண்டாகியிருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர் சிலர் முன்வைத்த கருத்து, லீ சொன்னது வெறும் சாக்காக இருக்க வேண்டியதில்லை என்று எண்ண வைக்கிறது. தொலைவைச் சொல், அளவைச் சொல், நிமிடத்தைச் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, தனக்குத் தொலைவுகளை மதிப்பிடத் தெரியாது என்பதையே ஃப்ளீட் பதிலாக வைத்துக்கொண்டார். இறுதியில், “இன்னும் யாருக்காவது என்மேல் பாய வேண்டுமா?” என்று அவர் கேட்டது விசாரணைப் பதிவில் இருக்கிறது. நீர் சாட்சியை நன்றாகவே சொன்னீர், ஆனால் எங்கள் எல்லோர்மீதும் ஐயம் கொண்டிருப்பதாகத் தெரிகிறது என்று மெர்சி அவரை அனுப்பிவைத்தார். பெற்றவளே விட்டுச்சென்ற, விடுதிகளிலும் பயிற்சிக் கப்பலிலும் வளர்ந்த ஒருவர், கனவான்கள் நிறைந்த மன்றத்தில் யாரையும் நம்பாமல் நின்றதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மெர்சியின் அறிக்கையை நிதானமாகப் படித்தால் ஃப்ளீட்டின்மேல் பழி இல்லை என்பது தெளிவாகும். கூண்டில் இருந்தவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வதாகப் பொருள்கொள்ள வேண்டாம் என்று அறிக்கையே குறிப்பிடுகிறது. நிலவில்லாத, காற்றில்லாத இரவில், அந்த வேகத்தில் சென்ற கப்பலுக்கு இரண்டு பேர் மட்டும் போதாது. முன்முனையில் இன்னோர் ஆளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே அதன் முடிவு. கண்காணிப்பு மாலுமிகளுக்குத் தொலைநோக்கி தேவையா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் தந்தது. வேகம்தான் முதன்மைக் காரணம் என்று கூறிய அதே அறிக்கை, வானிலை தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் செல்வது பல ஆண்டு வழக்கம் என்று சொல்லி, கேப்டன் எட்வர்ட் ஸ்மித்தைக் கவனக்குறைவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வழக்கத்தைக் காரணம் காட்டி மேலே இருந்தவருக்குக் கிடைத்த அந்த விடுதலை, மக்கள் மனத்தில் கீழே இருந்தவருக்கு மட்டும் கிடைக்காமல் போனதே என் ஆதங்கம்.

இனி, டைட்டானிக் பற்றிய பேச்சுகளில் அரிதாகவே இடம்பெறும் சம்பளக் கதைக்கு வருவோம். அன்றைய பிரிட்டிஷ் கப்பல் சட்டப்படி, கப்பல் மூழ்கும் கணத்தோடு மாலுமியின் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும். அதுவரைக்குமான சம்பளமே அவருக்கு உரியது. ஏப்ரல் 15 அதிகாலை 2.20க்கு டைட்டானிக் நீருக்குள் மறைந்தபோது, படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஃப்ளீட்டின் சம்பளமும் நின்றுபோனது. பயணிகளை உயிரோடு கரைசேர்க்க அவர் துடுப்பு வலித்த மணி நேரங்களுக்குக் கூலி இல்லை. இதற்கும் முந்தைய காலத்தில் நிலைமை இன்னும் கொடியது. சரக்குக்கான வருமானமே சம்பளத்தின் தாய் என்று ஒரு கொள்கை இருந்தது, கப்பல் தொலைந்தால் அதுவரை உழைத்ததற்குக்கூட ஒன்றும் கிடைக்காது. 1854ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. 1920இல் இத்தாலியின் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கப்பல் மூழ்கி வேலை இழக்கும் மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம் வரை ஈட்டுத்தொகை தரவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. பிரிட்டன் அதை 1925இல் தன் சட்டத்தில் சேர்த்தது. ஃப்ளீட்டுக்கு அது 13 ஆண்டு பிந்திய உதவி.

விசாரணைகள் முடிந்த பின் அவர் சிறிது காலம் ஒலிம்பிக்கில் வேலை செய்துவிட்டு, 1912 ஆகஸ்டில் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தை விட்டு விலகினார். டைட்டானிக்கிலிருந்து பிழைத்த மாலுமிகள் நிறுவனத்துக்குச் சங்கடமான நினைவூட்டலாகவே இருந்தார்கள். அதன் பிறகு யூனியன்-காசில் உள்ளிட்ட நிறுவனங்களின் கப்பல்களில் 1936 வரை, மொத்தத்தில் 33 ஆண்டுகள், கடலிலேயே காலம் கழித்தார். 1917இல் திருமணம், ஒரு மகள். பொருளாதார மந்தம் மாலுமிகளின் வேலைகளைப் பறித்த காலத்தில் கரைக்கு வந்து, டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்தின் சவுத்தாம்ப்டன் பட்டறையில் சேர்ந்தார். பிறகு யூனியன்-காசில் நிறுவனத்துக்காகக் கரையில் காவல் பணி செய்தார். ஓய்வு பெற்ற பின்னர்தான் பத்திரிகை விற்கும் வேலை.

கூண்டுத் தோழர்களின் கதிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். லீ அடுத்த ஆண்டே, 1913இல், இறந்துபோனார். முந்தைய முறையில் காவலிருந்த ஆர்ச்சி ஜூவல் 1916இல் பிரிட்டானிக் கப்பல் மூழ்கியபோதும் தப்பி, 1917 ஏப்ரலில் டொனகல் கப்பலோடு கடலில் மாண்டார். சுக்கான் பிடித்த ஹிச்சன்ஸ் 1933இல் ஒருவரைக் கொல்ல முயன்று சிறை சென்றார். 1940இல் கப்பலிலேயே உயிர் பிரிந்தது. இவர்களில் நெடுங்காலம் வாழ்ந்து, அந்த இரவைப் பற்றிய கேள்விகளுக்கு முதுமையிலும் பதில் சொல்ல நேர்ந்தவர் ஃப்ளீட்.

1964 டிசம்பர் 28 அன்று அவருடைய மனைவி காலமானார். அவர்கள் குடியிருந்தது மனைவியின் சகோதரர் வீடு. அக்காளோ தங்கையோ இருந்தவரையில் இருந்த இடம், அவள் போன பின் இல்லையென்றாயிற்று. இரண்டு வாரம்கூடக் கழியவில்லை. 1965 ஜனவரி 10 அன்று, 77 வயதில், ஃப்ளீட் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பாறையைக் கண்ட குற்றவுணர்வு அவரைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. மனைவியை இழந்து, அதே கிழமைகளில் கூரையையும் இழந்த ஒரு முதியவரின் துயரத்துக்கு 53 ஆண்டு பழைய பனிப்பாறையைக் காரணமாக்குவது, அவருடைய எஞ்சிய வாழ்க்கை முழுவதையும் மறுபடியும் அந்தக் கூண்டுக்குள்ளேயே அடைப்பதாகும்.

சவுத்தாம்ப்டனின் ஹாலிபுரூக் இடுகாட்டில், வசதியற்றோருக்கான கல்லறையில், பெயர்க்கல் இல்லாமல் அவரைப் புதைத்தார்கள். அமெரிக்காவிலுள்ள டைட்டானிக் வரலாற்றுச் சங்கத்தினர் நன்கொடை திரட்டி 1993இல் அங்கே ஒரு கல் நாட்டினார்கள். அவருடைய பெயருக்கு மேலே டைட்டானிக்கின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.